ஜாமீன் கிடைத்தும் சிறை: ஜாமீன்தாரர் இல்லாத ஏழைக்கு யார் பொறுப்பு?

2022 நவம்பர் 26. டெல்லியில் நடந்த அரசியலமைப்பு நாள் விழாவில் குடியரசுத் தலைவர் திரவுபதி முர்மு, சிறு குற்றச்சாட்டுகளுக்காக ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடக்கும் ஏழைகளைப் பற்றிப் பேசினார். மேடையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அமர்ந்திருந்தனர். அதற்குப் பிறகு உச்ச நீதிமன்றம் கணக்குக் கேட்டது. வந்த கணக்கு அதிர்ச்சியளித்தது. ஜாமீன் உத்தரவு கிடைத்த பிறகும் ஏறத்தாழ 5,000 விசாரணைக் கைதிகள் நாடு முழுவதும் சிறைகளில் இருந்தனர். சட்டப் பணிகள் ஆணையம் தலையிட்ட பிறகு அவர்களில் 1,417 பேர் வெளியே வந்தனர்.

இவர்கள் ஜாமீன் மறுக்கப்பட்டவர்கள் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். நீதிபதி "போகலாம்" என்று எழுதிக் கொடுத்த பிறகும் போக முடியாதவர்கள். பலருக்குக் காரணம் ஒன்றுதான்: அவர்களுக்காகக் கையெழுத்துப் போட ஆள் இல்லை. ஆள் இருந்தால் அவரிடம் காட்டக் காகிதம் இல்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒருவர் கைதானால் அவர் பேரூரணிச் சிறைக்கோ, கிளைச் சிறைக்கோ, பாளையங்கோட்டை மத்தியச் சிறைக்கோ செல்கிறார். அங்கிருந்து அவர் வெளியே வர இரண்டு கதவுகள் திறக்க வேண்டும். முதல் கதவு நீதிமன்ற உத்தரவு. அதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். இரண்டாவது கதவு ஜாமீன்தாரர். அந்தக் கதவின் சாவி உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் மஹல்லா ஜமாஅத்திடமும் இருக்கிறது. அதைப் பற்றி நமக்குள்ள அறியாமைக்கு ஏழைக் குடும்பங்கள் விலை கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

முதல் நாளில் பார்க்க வேண்டியவை

கைதுச் செய்தி கேட்டவுடன் பெரும்பாலான குடும்பங்கள் செய்வது, காவல் நிலையத்தில் 'தெரிந்தவர்' யார் என்று தேடுவது. அதற்கு முன் அறிய வேண்டியது ஒன்று: எந்தப் பிரிவில் வழக்கு? அந்த ஒரு விவரத்தில்தான் மற்ற எல்லாம் தொங்குகிறது.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. எண்கள் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால் ஜாமீன் உரிமை. காவல் நிலையத்திலேயே பெறலாம். அதைத்தான் 'ஸ்டேஷன் ஜாமீன்' என்கிறோம். யாருடைய தயவும் தேவையில்லை. ஜாமீனில் விட முடியாத குற்றம் என்றால் நீதிமன்றம் முடிவு செய்யும். 'விட முடியாத' என்ற சொல்லைக் கேட்டுப் பலர் நம்பிக்கை இழந்துவிடுகின்றனர். காவல் நிலையத்தில் உரிமையாகக் கேட்டுப் பெற முடியாது என்பதே அதன் பொருள். நீதிமன்றம் தரலாம், அன்றாடம் தருகிறது.

கைதான 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22ஆவது உறுப்பு. கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குச் சொல்ல வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும். காரணத்தைச் சொல்லாத கைது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரி 7 அன்று விஹான் குமார் வழக்கில் மீண்டும் உறுதிப்படுத்தியது. முதல் தகவல் அறிக்கையை, பாலியல் குற்றம், தீவிரவாதம் போன்ற சில வகைகள் நீங்கலாக, 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்ற உத்தரவு 2016 முதல் இருக்கிறது.

ஏழாண்டுக்கு மேற்படாத தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யாமல், முதலில் நோட்டீஸ் கொடுத்து அழைக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. கைது ஏன் தேவை என்பதைக் காவல் அதிகாரி எழுத்தில் காட்ட வேண்டும், நடுவர் அதைப் படித்துப் பார்க்காமல் ரிமாண்ட் செய்யக் கூடாது என்று 2014ஆம் ஆண்டு அர்னேஷ் குமார் தீர்ப்பு கூறியது.

இதைக் கடைப்பிடிக்காததன் விளைவை நம் மாவட்டத்தைப் போல் அறிந்தவர்கள் இருக்க முடியாது. 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தை மீறிக் கடையைத் திறந்து வைத்ததாக ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் கொண்டு செல்லப்பட்டனர். சுமத்தப்பட்ட பிரிவுகளில் எதுவும் ஏழாண்டுக்கு மேற்பட்ட தண்டனைக்கு உரியது இல்லை. மறுநாள் ரிமாண்ட், கோவில்பட்டி கிளைச் சிறை. 22, 23 தேதிகளில் மகனும் தந்தையும் அடுத்தடுத்து உயிரிழந்தனர். ரிமாண்ட் நடந்த விதம் குறித்து அப்போது எழுந்த கேள்விகள் நாடறிந்தவை. நோட்டீஸோடு முடிந்திருக்கக் கூடிய விவகாரம் அது. நடுவர் முன் நிறுத்தப்படும் அந்தச் சில நிமிடங்களில் வழக்கறிஞர் ஒருவர் உடனிருப்பது உயிர் காக்கும் வேலை என்பதை அந்த இரு உயிர்களும் நமக்குச் சொல்லிச் சென்றிருக்கின்றன.

'பத்தாயிரம் ரூபாய் ஜாமீன்' என்றால் என்ன?

இங்குதான் ஏமாற்று தொடங்குகிறது. "ரூ.10,000க்கான சொந்த ஜாமீனும் அதே தொகைக்கான இரு நபர் ஜாமீனும்" என்று உத்தரவு வருகிறது. வீட்டார் முப்பதாயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்று நினைத்து நகையை அடகு வைக்க ஓடுகிறார்கள். இடையில் நிற்கும் தரகர் அந்த நினைப்பைத் திருத்துவதில்லை.

அந்தத் தொகையை யாரும் கட்ட வேண்டியதில்லை. அது ஒரு வாக்குறுதியின் அளவு. "நான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருவேன், வராவிட்டால் பத்தாயிரம் ரூபாய் அரசுக்குக் கட்டுவேன்" என்று கைதானவர் எழுதிக் கொடுப்பது சொந்தப் பத்திரம். "அவர் வருவதற்கு நான் பொறுப்பு, வராவிட்டால் நான் கட்டுவேன்" என்று மற்றவர் எழுதிக் கொடுப்பது ஜாமீன் பத்திரம். புதிய சட்டம் தொடக்கத்திலேயே இந்த இரண்டையும் தனித்தனியாக வரையறுத்திருக்கிறது. ஆள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் ஒரு பைசாகூடக் கை மாறாது.

ஆள் ஜாமீனுக்குப் பதிலாக ரொக்கம் கட்ட நீதிமன்றம் அனுமதிக்கலாம். அதற்கும் சட்டத்தில் இடம் உண்டு. அது கேட்டுப் பெறும் சலுகை. அந்தப் பணத்துக்கு நீதிமன்ற ரசீது உண்டு, வழக்கு முடிந்ததும் திரும்பக் கேட்கலாம். ரசீது இல்லாமல் 'ஜாமீன் பணம்' என்று யார் கேட்டாலும் அது வேறு பணம்.

நம் உயர் நீதிமன்ற ஜாமீன் உத்தரவுகளில் அடிக்கடி வரும் நிபந்தனைகளையும் தெரிந்துகொள்வோம். இரு ஜாமீன்தாரர்களில் ஒருவர் இரத்த உறவாக இருக்க வேண்டும். இருவரும் பத்திரத்தில் புகைப்படம் ஒட்டி இடது பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். அடையாளத்துக்கு ஆதார் அல்லது வங்கி பாஸ்புக் நகலை நடுவர் பெறலாம். விடுதலையானவர் குறித்த நேரத்தில் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சிகளைக் கலைக்கக் கூடாது, தலைமறைவாகக் கூடாது. ஆனால் அதற்குத் தனி வழக்கு. இவற்றோடு வீட்டு வரி ரசீது, குடும்ப அட்டை, சில இடங்களில் தாசில்தார் வழங்கும் சொத்து மதிப்புச் சான்று ஆகியவையும் கேட்கப்படுகின்றன. என்னென்ன வேண்டும் என்பது நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் மாறுகிறது. ஆகவே உத்தரவு வந்த அன்றே அதன் நகலைப் பெற்று, நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படித்து, தேவையான காகிதங்களை வழக்கறிஞரிடம் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. முன்ஜாமீன் என்றால் இன்னும் கவனம் தேவை: குறித்த நாட்களுக்குள் நீதிமன்றத்தில் ஆஜராகி ஜாமீன்தாரர்களை நிறுத்தாவிட்டால் அந்த உத்தரவு பயனற்றுப் போகும்.

யாருக்கு ஜாமீன்தாரர் கிடைப்பதில்லை?

வ.உ.சி. துறைமுகத்தைச் சுற்றி வாழும் மக்களை நினைத்துப் பார்ப்போம். உப்பளத்தில் வேலை செய்பவர் வாடகை வீட்டில் இருக்கிறார். வீட்டு வரி ரசீது வீட்டுக்காரர் பெயரில். கடலோரக் குப்பத்தில் இருப்பவருக்கு வீடு உண்டு, பட்டா இல்லை. துறைமுகத்திலும் அனல் மின் நிலையங்களிலும் ஒப்பந்த வேலைக்கு வந்த வடமாநில இளைஞருக்கு இரத்த உறவு ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால். இவர்களுக்கு 'இரு நபர் ஜாமீன், ஒருவர் இரத்த உறவு' என்ற ஒரு வரி, ஜாமீனை மறுப்பதற்குச் சமம்.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1978ஆம் ஆண்டு மோதி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பேசியது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஏழைக் கொத்தனார் ஒருவருக்கு நடுவர் 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டார். அண்ணன் தம்பி ஜாமீன் நிற்க வந்தபோது, அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த மறுப்பைக் கடுமையாகக் கண்டித்து, 1,000 ரூபாய்க்கான சொந்தப் பத்திரத்தில் கொத்தனாரை விடச் சொன்னார். ஒரு தேசத்தின் குடிமகனுக்கு இன்னொரு மாவட்டம் அந்நிய நாடாகிவிடக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். தொகை மிகையாக இருக்கக் கூடாது என்று சட்டத்தின் எழுத்திலேயே இருக்கிறது. மிகை என்று பட்டால் செஷன்ஸ் நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ குறைக்கலாம்.

இன்னொரு சிக்கல், ஒருவர் மீது பல வழக்குகள். 2018 மே 22 துப்பாக்கிச் சூட்டையும் 13 உயிரிழப்புகளையும் அடுத்துத் தூத்துக்குடியில் நடந்த கைதுகளை நாம் மறக்கவில்லை. ஏராளமான முதல் தகவல் அறிக்கைகள் பதிவாயின. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் இடைக்கால அறிக்கைக்குப் பிறகு, 2021 மே மாதத்தில் அரசு அவற்றில் பெரும்பாலானவற்றைத் திரும்பப் பெற்றது. வழக்குகள் இல்லாமல் போயின. ஆனால் அந்த மூன்றாண்டு நீதிமன்ற அலைச்சலும் ஜாமீனுக்காக இழந்த கூலி நாட்களும் இல்லாமல் போகவில்லை. ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனியாக இரண்டு ஜாமீன்தாரர் என்றால், ஐந்து வழக்குக்குப் பத்துப் பேரை எங்கே தேடுவது?

இதற்கு 2024 ஆகஸ்ட் 22 அன்று கிரீஷ் காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் விடை சொன்னது. பல மாநிலங்களில் 13 வழக்குகள் உள்ள ஒருவர், எல்லாவற்றிலும் ஜாமீன் பெற்றும் ஜாமீன்தாரர் போதாமல் உள்ளேயே இருந்தார். ஒரே ஜாமீன்தாரர்கள் ஒவ்வொரு மாநிலத்திலும் எல்லா வழக்குகளுக்கும் நிற்கலாம் என்று நீதிமன்றம் அனுமதித்தது. ஒருவனுக்காக நீதிமன்றத்தில் நிற்கக் கூடியவர்கள் நெருங்கிய உறவும் நெடுநாள் நட்புமே, அந்த வட்டம் எல்லோருக்கும் சிறியதுதான் என்ற நடைமுறை உண்மையை அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. நம் வழக்கறிஞர்கள் இதை எடுத்துக்காட்டி மனு செய்யலாம்.

திறக்கும் வேறு கதவுகள்

2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த வழிகாட்டுதல்கள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிய வேண்டும். ஜாமீன் உத்தரவின் நகலை நீதிமன்றம் அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்கு அனுப்ப வேண்டும். ஏழு நாட்களில் அவர் விடுதலையாகாவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆணைக்குழு கைதியின் பொருளாதார நிலையை அறிந்து அறிக்கை தரலாம். ஒரு மாதம் ஆகியும் ஜாமீன் பத்திரம் தரப்படாவிட்டால், நீதிமன்றமே முன்வந்து நிபந்தனையைத் தளர்த்த முடியுமா என்று பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்ற வற்புறுத்தல் தாமதத்துக்கு ஒரு காரணம், அப்படி நிபந்தனை விதிக்காமல் இருக்கலாம் என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது.

ஜாமீனில் விடக்கூடிய குற்றத்தில் கைதானவர் ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரரைத் தர முடியாவிட்டால், அவர் வசதியற்றவர் என்று கொண்டு சொந்தப் பத்திரத்திலேயே விட வேண்டும். இது சட்டத்தின் 478ஆவது பிரிவு.

60 நாட்களில், கடுமையான குற்றங்களுக்கு 90 நாட்களில், குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் உரிமையாகிறது. கொரோனா காலத்தில்கூட அந்த உரிமையை நிறுத்தி வைக்க முடியாது என்று மதுரை மாவட்ட வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த எஸ். காசி தீர்ப்பு வந்த நாள் 2020 ஜூன் 19, சாத்தான்குளம் கைது நடந்த அதே நாள். அவ்வாண்டு அக்டோபர் 15 அன்று சரவணன் வழக்கில், இவ்வகை ஜாமீனுக்கு 8 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று மதுரைக் கிளை விதித்திருந்த நிபந்தனையை உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஆனாலும் கவனம்: இந்த உரிமையும் தானாக வராது. மனுச் செய்ய வேண்டும், ஜாமீன் பத்திரமும் தர வேண்டும். குற்றப்பத்திரிகை வந்த பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும்.

முதன்முறை குற்றம் சாட்டப்பட்டவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால் விடுதலைக்குத் தகுதி பெறுகிறார், மற்றவர்கள் பாதியில். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும் பல வழக்கு உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. மனுச் செய்யும் கடமை சிறைக் கண்காணிப்பாளருக்கு இருக்கிறது. 'உபா' போன்ற சிறப்புச் சட்டங்களின் கணக்கு முற்றிலும் வேறு. அங்கு முதல் கதவே திறப்பது கடினம்.

ஏழைக் கைதிகளுக்கு உதவ 2023இல் மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. ஜாமீன் பணம் கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை என்று அதன் விதி அமைந்தது. மாவட்ட அளவிலான குழு முடிவு செய்யும். போதைப்பொருள், உபா, பணமோசடித் தடுப்பு, ஊழல் தடுப்புச் சட்ட வழக்குகளுக்கு இது கிடையாது. சிறையில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு ஆனாலும், 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணை அழைத்தால் போதும். அதை நம் பள்ளிவாசல் பலகைகளில் எழுதி வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

கூலி ஜாமீன் வேண்டாம்

ஆள் கிடைக்காத இடத்தில் ஒரு வியாபாரம் முளைக்கிறது. நீதிமன்ற வளாகங்களில் பணத்துக்கு ஜாமீன் நிற்க ஆள் பிடித்துத் தருபவர்கள் உண்டு என்பது பலரும் அறிந்தது. முன்பின் தெரியாத ஒருவர், யாருடையதோ ஒரு வரி ரசீதைக் காட்டி, 'இவரை எனக்கு நன்றாகத் தெரியும்' என்று கையெழுத்திடுகிறார்.

அமெரிக்காவில் இது வெளிப்படையான தொழில். 'பெயில் பாண்ட்' நிறுவனங்கள் பெரும்பாலும் தொகையில் பத்து சதவீதத்தைக் கட்டணமாகப் பெற்றுப் பிணை நிற்கின்றன. அந்தப் பணம், குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தாலும் திரும்பாது. ஏழைகளை உறிஞ்சும் முறை என்ற எதிர்ப்பு வலுத்து, இல்லினாய் மாநிலம் 2023 செப்டம்பர் 18 முதல் பண ஜாமீனையே முற்றிலும் ஒழித்தது. இந்தியாவில் அத்தகைய தொழிலுக்குச் சட்ட இடம் இல்லை. ஜாமீன்தாரருக்கு இழப்பு வந்தால் ஈடு செய்வதாகப் போடும் ஒப்பந்தம் பொதுநலக் கொள்கைக்கு முரணானது என்பது நம் நீதிமன்றங்களின் நெடுங்கால நிலை. காரணம் எளிது: பணம் வாங்கிக்கொண்டு நிற்பவருக்கு, ஆள் வாய்தாவுக்கு வருகிறாரா என்ற அக்கறை இருக்காது. இதுவரை எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறோம் என்பதை ஒவ்வொரு ஜாமீன்தாரரும் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதும் இதற்காகவே. போலி ரசீது பிடிபட்டால் ஜாமீன் ரத்தாகலாம். ஏற்பாடு செய்த குடும்பத்தின் மீதும் மோசடி வழக்கு வரலாம். ஒரு வழக்கிலிருந்து மீட்கப் போய் இரண்டாவது வழக்கில் மாட்டிவிடுவதாக அது முடியும்.

மார்க்கத்தின் பார்வையிலும் இதைச் சொல்லியாக வேண்டும். 'ஜாமீன்' என்ற சொல்லே அரபு மொழியின் 'ளாமின்' என்பதிலிருந்து வந்தது. பொறுப்பேற்பவர் என்று பொருள். நாம் அதை உத்தரவின் பெயராக்கிவிட்டோம். அது முதலில் ஓர் ஆளின் பெயர். ஃபிக்ஹு நூல்களில் 'கஃபாலா' என்று தனிப் பாடமே இருக்கிறது. கடனுக்குப் பொறுப்பேற்பது ஒரு வகை, ஆளைக் கொண்டுவந்து நிறுத்தப் பொறுப்பேற்பது இன்னொரு வகை. பின்னதை 'கஃபாலத்துல் பதன்' என்கின்றனர். கொழும்போடு தொழில் உறவுள்ள காயல்பட்டினத்தார் இலங்கைச் செய்திகளில் 'சரீரப் பிணை' என்று படித்திருப்பார்கள். கிட்டத்தட்டச் சொல்லுக்குச் சொல் அதே பொருள். யஃகூப் (அலை) தம் இளைய மகனை மற்ற மகன்களுடன் அனுப்பும்போது, அவரைத் திரும்பக் கொண்டு வருவதாக உறுதிமொழி பெற்றதையும், கைமீறிய நிலை நேர்ந்தால் மட்டும் அதற்கு விலக்களித்ததையும் சூரா யூசுஃபின் 66ஆவது வசனத்தில் காண்கிறோம். அறிஞர்கள் இதை ஆள் பிணைக்கு ஓர் ஆதாரமாக எடுத்துரைக்கின்றனர்.

இவ்வாறு பொறுப்பேற்பதற்குக் கூலி வாங்கக் கூடாது என்பது பெரும்பான்மைச் சட்ட அறிஞர்களின் நிலை. பிணை நிற்பது உபகாரம்; விற்பனைக்குரிய சரக்கு இல்லை. தெரியாதவரைத் தெரியும் என்று நீதிமன்றத்தில் சொல்வது பொய்ச் சாட்சியம். அது பெரும்பாவங்களில் ஒன்று என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. "என்ன செய்வது, ஆள் கிடைக்கவில்லை" என்ற சமாதானம் நம்மிடம் கேட்க வருபவர்களிடமிருந்து அடிக்கடி வருகிறது. ஆள் கிடைக்காமல் போனதற்கு நாம் எல்லோரும் பொறுப்பு. நேர்மையான கைகள் விலகி நின்றதால்தான் கூலிக் கைகளுக்கு விலை வந்தது.

கையெழுத்துப் போடும் முன்

விலகி நிற்பவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது: பயம். அந்தப் பயத்துக்கு அளவு தெரிந்தால் பாதி போய்விடும்.

ஜாமீன்தாரர் ஆகிறவர் குற்றத்துக்குப் பொறுப்பாவதில்லை. ஆள் வருவதற்கே பொறுப்பு. அவர் வராவிட்டால் நீதிமன்றம் பத்திரத்தைப் பறிமுதல் செய்து, ஏன் தொகையைக் கட்டக் கூடாது என்று நோட்டீஸ் அனுப்பும். அப்போது காரணம் சொல்லலாம். தொகையைக் குறைக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நோட்டீஸை அலட்சியம் செய்து, தொகையும் வசூலாகாவிட்டால், ஆறு மாதம் வரை உரிமையியல் சிறை வைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. எனவே நோட்டீஸ் வந்தால் வழக்கறிஞரோடு போய் நிற்க வேண்டும், ஒளியக் கூடாது.

ஒருமுறை கையெழுத்திட்டால் வழக்கு முடியும்வரை சிக்கிக்கொண்டோம் என்பதும் தவறு. அவர் ஓடிவிடுவார் என்று தோன்றினால் எந்தக் கட்டத்திலும் தம்மை விடுவிக்குமாறு மனுச் செய்யலாம். நீதிமன்றம் அவரை வரவழைத்து வேறு ஜாமீன்தாரரைக் கேட்கும். பத்திரம் பறிமுதலாகும் முன் ஜாமீன்தாரர் இறந்துவிட்டால் அவருடைய சொத்தின் மீது பொறுப்பு தொடராது.

ஆகவே தெரிந்தவருக்கு மட்டும் நிற்க வேண்டும். வாய்தா தேதிகளைக் குறித்து வைத்து, முந்தின நாள் தொலைபேசியில் நினைவூட்ட வேண்டும். வழக்கு முடிந்ததும் அசல் ஆவணங்களைக் கேட்டுப் பெற வேண்டும். வெற்றுப் பத்திரத்தில் ஒருபோதும் கையெழுத்திடக் கூடாது.

வேறொரு பத்திரத்தையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இனி தவறு செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்குவது நன்னடத்தைப் பிணை. அது கைதுக்குப் பின் வரும் ஜாமீன் இல்லை. அதில் கையெழுத்திட்டு மீறியதாகச் சொல்லப்பட்டால் அதுவே சிறைக்குக் காரணமாகலாம். துறைமுகத்துக்குப் பெயர் தந்த வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் 1908 மார்ச் 12 அன்று கைதானபோது ஆங்கில அரசு முதலில் கையிலெடுத்ததும் இந்த நன்னடத்தைப் பிணை நடவடிக்கையைத்தான். அத்தகைய பிணையை மீறியதற்காகக் காவல்துறை அதிகாரிகளே நிர்வாக நடுவர்களாக இருந்து சிறையில் அடைப்பது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் தீர்ப்பளித்தது. எந்தப் பத்திரம் என்று கேட்டு, படித்து, பிறகே கையெழுத்திட வேண்டும்.

ஜமாஅத்துகள் செய்யக் கூடியவை

காயல்பட்டினம், குலசேகரப்பட்டினம், உடன்குடி, தூத்துக்குடி நகரம் என்று இக்கரையில் உள்ள ஒவ்வொரு ஜமாஅத்தும் நிக்காஹ் பதிவேடு வைத்திருக்கிறது. அதன் பக்கத்தில் இன்னொரு பதிவேட்டுக்கு இடம் உண்டு: ஜாமீன் நிற்க முன்வருவோர் பட்டியல். ஐம்பது வீடு உள்ள மஹல்லாவில் ஐந்து பேர் போதும். அவர்களுடைய வரி ரசீது, ஆதார், புகைப்படம் நடப்பில் இருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். ஒருவர் மீதே சுமையை ஏற்றாமல் முறை வைத்துக்கொள்ளலாம்.

காயல்பட்டினத்தில் வீடுகள் பெரும்பாலும் பெண் மக்கள் பெயரில் இருக்கின்றன. ஆண்கள் சென்னையிலும் கொழும்பிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். வரி ரசீது யார் பெயரில் இருக்கிறதோ அவரே ஜாமீன் நிற்கத் தகுதியானவர். பெண் ஜாமீன் நிற்பதைச் சட்டம் தடுக்கவில்லை. தன் சொத்தைத் தானே ஆளும் பெண் பொறுப்பேற்பது மார்க்கத்துக்கும் புறம்பானது இல்லை. மகனுக்காகத் தாயும் தம்பிக்காக அக்காவும் நீதிமன்றப் படியேறுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மரியாதையோடு அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்து விடுவது ஜமாஅத்தின் வேலை.

அந்தப் பட்டியல் முஸ்லிம்களுக்கு மட்டும் என்று இருக்க வேண்டியதும் இல்லை. இந்தக் கரையில் பள்ளிவாசலும் மாதா கோயிலும் அம்மன் கோயிலும் ஒரே கடலைப் பார்த்து நிற்கின்றன. ஒரே விசைப்படகில் போகிறவர்களுக்குள் ஜாமீன் நிற்பதில் மட்டும் என்ன பிரிவு? உறவே இல்லாத ஊரில் கைதான வடமாநிலத் தொழிலாளிக்கு நாம் ஜாமீன் நிற்க முடியாமல் போகலாம், நமக்கு அவரைத் தெரியாது. ஆனால் அவருடைய பெயரைச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல முடியும். ஏழு நாள் ஆகிவிட்டது என்று நினைவூட்ட முடியும்.

குற்றம் செய்தவரைக் காப்பாற்றச் சொல்கிறோமா என்று சிலர் கேட்கக் கூடும். குற்றமா இல்லையா என்பதை நீதிமன்றம் தீர்ப்பில் சொல்லும். அதுவரை அவரை விசாரணைக்கு ஒழுங்காக வரவைப்பதே ஜாமீன்தாரரின் வேலை. அது பாதிக்கப்பட்டவருக்கும் நல்லது, ஏனெனில் ஆள் வராத வழக்கு நகர்வதில்லை.

வருகிற ஜும்ஆவுக்குப் பிறகு நிர்வாகிகள் பத்து நிமிடம் உட்கார்ந்தால் இந்தப் பதிவேட்டின் முதல் பக்கம் நிரம்பிவிடும். நம் மஹல்லாவில் ஜாமீன் உத்தரவு கிடைத்தும் உள்ளே இருப்பவர் யாரும் உண்டா என்று அப்போதே விசாரித்துவிடலாம். இருந்தால் அவருடைய வீட்டிலிருந்தே தொடங்குவோம். அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக.